அத்தானும் முன்வரிசை நாற்காலிகளும்

"உக்காரச் சொன்னா உக்காரத் தெரியாத ஜனங்க. இதுங்களுக்குப் படகு ஒரு கேடு."

இதைச் சொல்லாமல் என் அத்தான் ஒரு வேளை சோறு தின்றதில்லை. முதல் கவளம் இறங்கியதும் தொண்டையைச் செருமுவார். இடது கையால் கண்ணாடியை மேலே தள்ளுவார். அப்புறம் "ஜனங்க" என்பதை, பல்லிடுக்கில் சிக்கிய முருங்கைச் சக்கையைத் துப்புகிற மாதிரி துப்புவார். படகு என்ற வார்த்தை கடைசியில் வந்து சேர்ந்ததுதான். அதற்கு முன்னால் அந்த இடத்தில் வேறு வேறு சாமான்கள் இருந்தன. சினிமாக் கொட்டகையில் டார்ச் பிடித்த காலத்தில் "இதுங்களுக்கு சினிமா ஒரு கேடு". நாற்காலிக் கடையில் இருந்தபோது "சோபா ஒரு கேடு". வேலையே இல்லாமல் வீட்டில் கிடந்த காலத்தில் குறை சொல்ல அக்காவும் நானும் மட்டுமே கைக்கு அகப்பட்டதால் "வீடு ஒரு கேடு". அக்கா திருப்பிக் கேட்பாள், இந்தக் கேட்டில்தான் தினமும் மூணு வேளை தட்டு வைக்கிறேன், தெரியுதா என்று. அவருக்குத் தெரியாது. அவர் பேசும்போது அவர் காது வேலை செய்யாது.

இந்த வியாதி பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிட்டதாக அவருடைய தம்பி சொல்வார். வகுப்பில் அத்தான்தான் லீடர். வாத்தியார் வெளியே போனால் பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். எல்லா லீடரும் எழுதுவதுதான். ஆனால் ஒருநாள் வாத்தியார் வாசலில் நின்று இன்னொரு வாத்தியாரோடு பேசிக்கொண்டிருந்தார். அத்தான் அவர் பெயரையும் எழுதி, பக்கத்தில் "அதிகம்" என்று போட்டுவிட்டார். அன்றைக்கு விழுந்த அடியில் வேறு எவனாயிருந்தாலும் திருந்தியிருப்பான். அத்தான் என்ன கற்றுக்கொண்டாரென்றால், நியாயமாக நடப்பவனை உலகம் அடிக்கும் என்பதைத்தான்.

சினிமாக் கொட்டகை வேலை போனதும் அதே மாதிரிதான். அடைமழை நாள். கொட்டகையில் காக்காய் குருவி இல்லை. ஒரு ஆள் நடுவில் போய் வசதியாகச் சாய்ந்திருக்கிறார். அத்தான் முகத்துக்கு நேரே டார்ச்சை அடித்து, உங்க டிக்கெட் சுவரோரம், எழுந்து போங்க என்கிறார். அந்த ஆள், சுவரோரம் ஒழுகுது தம்பி, இங்கே யாருமே இல்லையே என்கிறார். அத்தான் கேட்பாரா? ஒழுகினாலும் உங்க சீட்டு உங்களுதுதான் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நனைய வைத்துவிட்டு வந்தார். இடைவேளையில் தெரிந்தது, அது முதலாளியின் மாப்பிள்ளை.

நாற்காலிக் கடையில் அதற்கு மேல். அங்கே வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. விற்கிறதுக்கு முன்னாடியே உக்கார்ந்து குழி பண்ணுதுங்க என்று ஒவ்வொரு சோபாவின் மேலும் ஒரு பூந்தொட்டியைத் தூக்கி வைத்தார். கடை பார்க்க அழகாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வார். கடைக்காரர், பூக்கடை வைக்கணும்னா நீ தனியா வெச்சுக்கப்பா என்று அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்டவரை அக்கா ஏன் கட்டிக்கொண்டாள் என்று நான் கேட்காத நாள் இல்லை. "இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்து ஏமாந்துட்டேன்டி" என்பாள். உண்மைதான். அத்தானின் சட்டைமடிப்பில் காய்கறி நறுக்கலாம். வேலையில்லாத மாதங்களிலும் காலையில் இஸ்திரி போட்டு, பேன்ட்டின் கோடு கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். அக்கா பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சாந்தோடு வந்து கதவைத் திறந்தால், உள்ளே கலெக்டர் மாதிரி ஒருவர் காபிக்குக் காத்திருப்பார்.

அப்போதுதான் எங்கள் ஊர்க் குடாவில் படகு விட்டார்கள்.

குடா என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அகலத்துக்குக் குறைச்சல் இல்லை, ஆழம்தான் இல்லை. கடல் பெருமூச்சு விட்டால் நிறையும், மூச்சை இழுத்தால் பாதி இடத்தில் கொக்கு நடந்து போகும். அக்கரைக்குப் போக பஸ்ஸில் கரையைச் சுற்ற வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. அதனால் படகு வருகிறது என்றதும் ஊரே படகுத்துறை ஜெட்டிக்குப் போய் நின்றது. வந்தது ஒரு பழைய படகு. எந்தப் பூங்கா ஏரியிலோ பிள்ளைகளை ஏற்றிச் சுற்றியதாம். பக்கவாட்டில் ஒரு அன்னத்தின் படம். வெள்ளையடித்தும் அதன் கழுத்து மட்டும் பாம்பு மாதிரி தெரிந்துகொண்டிருந்தது. தட்டையான அடி, வாலில் எஞ்சின், உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள்.

வரிசையாக நாற்காலிகள் என்று கேட்டதுமே அத்தான் விண்ணப்பம் போட்டுவிட்டார். பயணிகள் பொறுப்பாளர் என்று ஒரு பதவி. ஆறு மாசம் பார்ப்போம், பிடிச்சா நிரந்தரம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். நிரந்தரமா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் படகுக் கம்பெனியின் தலைமை ஆபீஸ் ஜி.எம்.; அவர் ஒருநாள் நேரில் வந்து படகில் போய்ப் பார்த்துச் சொல்வாராம்.

அக்கா அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். கையில் ஒரு கீழ்த்தாடைப் பல் வரிசை. அரத்தால் தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"இங்க பாருங்க. இந்த வேலையும் போச்சுன்னா எங்க பட்டறை வாசல்ல வாட்ச்மேன் வேலை காலியா இருக்கு. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுடுவேன். அங்க இஸ்திரி சட்டையெல்லாம் செல்லாது. காக்கிதான்."

அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. மனைவி உள்ளே பெரிய கையாகவும் தான் வெளியே ஸ்டூலிலும் இருக்கிற காட்சியை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்கப்புறம் அவருக்குக் கனவு, நினைவு எல்லாம் நிரந்தரம் ஒன்றுதான்.

வேலையில் சேர்ந்த வாரமே நாற்காலிகளின் முதுகில் சிவப்பு பெயின்டால் எண் போட்டார். ஜெட்டியில் ஒரு மைக் இருந்தது, படகில் ஒரு மைக் இருந்தது. இரண்டையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். படகு ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் ஸ்ராங்கு என்போம். தொப்பையால் சுக்கானைத் திருப்புகிற ஆள். வாயைத் திறந்தால் ஒன்று கொட்டாவி, இல்லை வசவு. அவர் ஒரு தடவை மைக்கைத் தொட்டுவிட்டார். அறிவிப்பு என் வேலை, நீ தண்ணியப் பாரு என்று அத்தான் பிடுங்கிக்கொண்டார். ஸ்ராங்கு காறித் துப்பினார். தண்ணீரில்தான் துப்பினார், ஆனால் அத்தானைப் பார்த்துக்கொண்டே துப்பினார்.

இனி மேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது தண்ணீருக்கடியில் ஒரு மணல்மேடு. தண்ணீர் இறங்கியிருக்கிற நேரத்தில் படகின் வால் அதில் தட்டும். எஞ்சின் கனம் அங்கேதானே. அதனால் மேடு நெருங்கினால் ஸ்ராங்கு ஒரு கையைத் தூக்குவார். உடனே எல்லோரும் எழுந்து முன்னால் போய் ஒருத்தரை ஒருத்தர் ஒட்டி நிற்பார்கள். மூக்கு கொஞ்சம் தாழும், வால் கொஞ்சம் எழும்பும், படகு வந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு தாண்டிவிடும். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. தூக்கத்திலிருப்பவர்கூட எழுந்து, முன்னால் போய் நின்று தூங்கிவிட்டு வருவார். மீன்காரம்மா தன் கூடையையும் முன்னால் கொண்டுபோய் வைப்பாள். கூடைக்கும் கனம் இருக்கிறதல்லவா.

அத்தானுக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ரத்தம் கொதித்தது. எண் போட்டது அவர், ஜனங்கள் எழுந்தது ஸ்ராங்கின் கைக்கு. அவர் மைக்கில், யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது, எழக்கூடாது என்று கத்துவார். அவர்கள் நின்றபடியே அவரை வேடிக்கை பார்ப்பார்கள். காரணம் என்னவென்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை. அவர்தான் நம்பவில்லை. "படகு என்ன மாட்டுவண்டியா, முன்னால குந்தினா பின்னால தூக்குறதுக்கு?" என்பார். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்கா ஒரு தட்டைத் தண்ணீர் வாளியில் மிதக்கவிட்டு, ஒரு ஓரத்தில் தேங்காய்ச்சில்லை வைத்து விளக்கிக் காட்டினாள். அத்தான் தேங்காய்ச்சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பல்லு பண்றவளுக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்?"

"நான் பண்ற பல்லு கடிக்குதுங்க. நீங்க பண்ற வேலை எதுவாவது ஒட்டியிருக்கா?"

அவர் மென்றுகொண்டிருந்தார்.

ஜி.எம். வருகிற நாள் வந்தது. அத்தான் விடியும் முன்பே போய்விட்டார். நான் அக்கரையில் வேலை தேடுகிற வேலையாகத் தினமும் போய்வந்துகொண்டிருந்ததால் அன்றைக்கும் அந்தப் படகில்தான் ஏறினேன். முன்பக்கத்து வரிசைகளையெல்லாம் கயிறு கட்டி அத்தான் அடைத்து வைத்திருந்தார். நாற்காலிகளுக்கு வெள்ளைத்துணி. அதில் ஒன்றன்மேல் பூந்தொட்டி. நாற்காலிக் கடையைவிட்டு வந்தும் அந்தப் பூந்தொட்டி அவரை விடவில்லை. ஜனங்கள் முழுவதும் பின்னால், எஞ்சின் மேல் ஏறி உட்காராத குறை.

ஜி.எம். ஒல்லியான மனிதர். குடையைச் சுருட்டிப் பேன்ட் போட்டுவிட்ட மாதிரி. அத்தனை வெள்ளைத்துணிக்கும் நடுவில் அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க, கல்யாண மண்டபத்துக்கு முந்தினநாள் வந்துவிட்ட விருந்தாளி ஞாபகம் வந்தது. அத்தான் அவர் பக்கத்தில் உட்காராமல், விறைப்பாக, மைக்கை வைத்துக்கொண்டு நின்றார்.

படகு கிளம்பியது. தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. வழியில் நட்டிருந்த கம்புகளின் பாசி படிந்த பாகமெல்லாம் வெளியே தெரிந்தது. பின்னால் முணுமுணுப்பு. மீன்காரம்மா எழுந்து நின்று, மேடு வருதே, கயித்தைக் கட்டிட்டா எங்க போய் நிக்கறது என்று கேட்டாள். அத்தான் மைக்கில், பேச்சைக் குறைத்து அமரவும் என்றார். நான் எக்கி, அத்தான், இன்னைக்கு ஒருநாள் விட்டுடுங்க, அக்கா சொன்னதை நினைச்சுப் பாருங்க என்றேன். "நினைச்சுத்தான் செய்யறேன். நீ உக்காரு" என்றார், மைக்கைக் கையால் பொத்தி. அந்த மனிதருக்கு உண்மையிலேயே நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

ஜி.எம். திரும்பிப் பின்னால் பார்த்தார். எல்லோரும் அவரவர் எண்ணில், கைகால் ஒடுக்கி, வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு ஒழுங்கான பயணிகளை நான் எங்கேயும் பார்த்ததில்லையே என்றார். அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்பது வயதில் ஒரு மனிதனுக்குப் பிறந்தநாள் மாதிரி இருந்தது. நிரந்தரம் அவர் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

நான் ஸ்ராங்கைப் பார்த்தேன். கை எழவில்லை. இரண்டு கையும் சுக்கானில்.

ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. செருப்பை மண்ணில் தேய்த்த மாதிரி. எஞ்சின் உறுமி, சேற்றைக் கலக்கி, விக்கி, நின்றது.

வந்துட்டோமா என்று ஜி.எம். கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் நிறுத்த முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஸ்ராங்கு காலைத் தூக்கிப் பலகைமேல் போட்டுக்கொண்டு, மேடு என்றார். முன்னாடியே சொல்லக்கூடாதா என்று ஜி.எம். எகிறினார். ஸ்ராங்கு கொட்டாவியை முடித்துவிட்டுப் பதில் சொன்னார்.

"அறிவிப்பெல்லாம் அவரு வேலைங்க. மைக் அவருகிட்டதான் இருக்கு. நான் தண்ணியப் பாத்துட்டு இருந்தேன்."

கயிற்றை அவிழ்த்து எல்லோரும் இப்போதாவது முன்னால் போனால் ஆகாதா என்று நான் கேட்டதற்கு, ஓடுற வேகத்துல தாண்டணும்மா, உக்காந்த படகு முன்னால நின்னா எழுந்திருக்காது என்றார் ஸ்ராங்கு. ஒன்று தண்ணீர் ஏறும்வரை இருக்க வேண்டும், இல்லை கனம் இறங்க வேண்டும். ஜனங்கள் முதலாவதுக்குக் காத்திருக்கவில்லை. மேட்டிலிருந்து கரைவரை முழங்கால் தண்ணீர்தான். படகுக்காக மட்டும் மேட்டுக்கு அந்தப் பக்கம் கரைவரை ஒரு வாய்க்கால் வெட்டி விட்டிருந்தார்கள். மீன்காரம்மா கூடையைத் தலையில் ஏற்றிப் புடவையைச் சொருகி முதலில் குதித்தாள். பின்னாலேயே ஒவ்வொருத்தராக. பேன்ட்டைச் சுருட்டுகிறவர், பையைக் கழுத்தில் மாட்டுகிறவர், இறங்கும்போது அத்தானைப் பார்த்து அவரவர் தகுதிக்கேற்ப ஒரு வார்த்தை. ஒருவர் தன் நாற்காலி எண்ணைச் சொல்லி, என் சீட்டைப் பத்திரமாப் பாத்துக்குங்க சார் என்றார்.

ஜி.எம்.முக்குக் கரையில் படகுக் கம்பெனி முதலாளியோடு கூட்டம். வேறு வழியில்லாமல் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சுளித்து இறங்கினார். இறங்கிய பிறகு அண்ணாந்து, நீங்க வரலையா என்று அத்தானிடம் கேட்டார். பொறுப்பாளர் படகைவிட்டு இறங்கக் கூடாது சார் என்றார் அத்தான். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது. சேற்றில் இறங்கினால் பேன்ட்டின் கோடு போய்விடும், விஷயம் அவ்வளவுதான்.

சேறு காலைப் பிடித்து இழுக்க, பாதி தூரம் வந்திருப்போம். பின்னால் எஞ்சின் சத்தம். திரும்பிப் பார்த்தால் படகு வருகிறது. இத்தனை உடம்பும் இறங்கியதில் லேசாகி, மேட்டை விட்டு எழும்பி, வாய்க்காலில் ஜம்மென்று வருகிறது. முன்னால், வெள்ளைத்துணி போட்ட நாற்காலிகளுக்கு நடுவே, மடிப்புக் கலையாத சட்டையோடு அத்தான். ஜி.எம். இரண்டு ஷூவையும் ஆட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினா மறுபடி தட்டும் என்று ஸ்ராங்கு அங்கிருந்தே கையை விரித்தார். சிரித்தபடிதான் விரித்தார். ஆட்டிய வேகத்தில் ஜி.எம்.மின் ஒரு ஷூ பறந்து தண்ணீரில் விழுந்தது. மைக் உயிர்பெற்றது.

"நடந்து வரும் பயணிகள் படகுக்கு வழிவிட்டு ஒதுங்கவும்."

அப்போது அடக்க முடியவில்லை. அந்தச் சேற்றில் நின்று அத்தனை பேரும் சிரித்தோம். மீன்காரம்மா கூடையைப் பிடிக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜி.எம். மட்டும் சிரிக்கவில்லை, இன்னொரு ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

நாங்கள் கரையேறியபோது படகு ஜெட்டியில் கட்டப்பட்டு, அத்தான் வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அக்காவும் வந்திருந்தாள். நல்ல சேதி இருந்தால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று பட்டறையில் அனுமதி வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் சுற்றி வந்திருந்தாள். எங்கள் முழங்கால்களைப் பார்த்ததுமே அவளுக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. காய்ந்த உடுப்போடு நின்ற ஒரே ஆளைப் பார்த்ததும் மிச்சமும் விளங்கியது. தலையில் கைவைத்துக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் ஸ்டூலை மனசுக்குள்ளேயே இழுத்துப் போட்டிருப்பாள்.

ஜி.எம். ஒரு காலில் சேறு, ஒரு காலில் சேறும் பாசியும், கையில் ஒற்றை ஷூவோடு அத்தான் முன்னால் போய் நின்றார். நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம் என்று, ஊர் கேட்கச் சொன்னார். அக்கா ஒரு அடி முன்னால் வந்து, ஏதாவது கெஞ்சிக் கேளுங்களேன் என்கிற மாதிரி அவரையே பார்த்தாள். அத்தான் அவளைப் பார்த்தார், சொட்டிக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சார், படகு நேரத்துக்கு வந்திருக்கு. நானும் நேரத்துக்கு வந்திருக்கேன். நேரத்துக்கு வராதது பயணிங்கதான். நாளையிலேருந்து வர வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க."